மேண்டில் காயும் அறை

மழைக்காலத்தில் கேஸ் விளக்கின் மேண்டில் சீக்கிரம் காயாது, ஐயா. அங்கிருந்து ஆரம்பித்தால்தான் மற்றதெல்லாம் உங்களுக்கு விளங்கும். உங்கள் கிளார்க்கை மெதுவாகவே எழுதச் சொல்லுங்கள், எனக்கு அவசரமில்லை. கோப்பிக்கு நன்றி. சீனி கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

பெயர் கணேசமூர்த்தி. மலாக்கா காஜா பெராங்கில் கேஸ் விளக்கு வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், கருமாதி, சிட்டிக் கம்பத்துக் குடியிருப்பின் மாரியம்மன் திருவிழா, உஜோங் பாசிரில் இருட்டோடு கடலுக்குப் போகிறவர்கள் என்று எல்லாருக்கும் எங்கள் விளக்குதான். எங்கள் என்றால் நானும் தியாகுவும். நேற்று முன்தினம் நீங்கள் பாயில் சுற்றி எடுத்துப்போனீர்களே, அவன்தான்.

விளக்கை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். மேண்டில் செய்யத் தெரிந்தவன் மலாக்காவில் தியாகு ஒருவன்தான். ஜப்பான்காரன் காலத்தில் சீமையிலிருந்து மேண்டில் வருவது நின்றுபோய், ஊரே அகல்விளக்குக்குத் திரும்பியிருந்தபோது, ஒரு கண்ணாடிச் சீசாவைத் துணியில் சுற்றிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். பேராவில் ஈயச் சுரங்கத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். சீசாவில் இருந்தது தோரியம் உப்பு. உங்களிடம் விளக்கு இருக்கிறது, என்னிடம் இது இருக்கிறது, ஒரு வேளைச் சோறு போட்டால் போதும் என்றான். நான் மரவள்ளிக் கிழங்கு போட்டேன். அன்றிலிருந்து அவன் என் வீட்டில்தான் இருந்தான்.

மேண்டில் பார்க்கக் கைக்குழந்தையின் காலுறை மாதிரி இருக்கும். செயற்கைப் பட்டு நூலில் பின்னிய சின்னக் குழாய், அவ்வளவுதான். அதைத் தோரியம் உப்புக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். கூடவே சீரியம் உப்பு, நூற்றில் ஒரு பங்கு. அது குறைந்தால் வெளிச்சம் சோகை பிடித்துவிடும், கூடினால் மஞ்சள் தட்டும். ஊறியதைக் காயவைத்து விளக்கில் கட்டி முதல் தீ வைத்தால் நூல் முழுக்க எரிந்துபோகும். ஆனால் மேண்டில் விழாது. உப்பு இரண்டும் ஆக்சைடாகி, நூல் இருந்த இடத்தில் நூலின் உருவத்திலேயே நின்றுவிடும். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. இரும்பு உருகுகிற சூட்டிலும் அது உருகாது, சூடேற ஏற வெள்ளையாக ஒளிரும். விரல் பட்டால் மட்டும் மாவாக உதிர்ந்துவிடும். தியாகு அதைப் பூதக்கண்ணாடியில் எனக்குக் காட்டியபோது, பிள்ளை பெற்றவன் மாதிரி சிரித்தான்.

அவன் வருவதற்கு முன் நான் யாரோடும் பேசியதில்லை என்றே சொல்லலாம். எஸ்டேட்டில் அப்பாவும் அம்மாவும் மலேரியாவில் போன பிறகு டவுனுக்கு வந்தவன் நான். விளக்குக்காரனை எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள், பந்தியில் உட்காரச் சொல்லத்தான் மறந்துபோவார்கள். வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டு, கொல்லைப்புறத்தில் மண்ணெண்ணெய் டின்மேல் உட்கார்ந்து, விருந்து முடியும்வரை காத்திருப்பேன். யாரையும் குறை சொல்லவில்லை. அப்படியே பழகிவிட்டது.

இனி அந்த அறை. உப்பில் ஊறிய நூல் காற்றின் ஈரத்தை இழுக்கும். அதனால் மழைக்காலத்தில் சன்னல் இல்லாத பலகை அறையில் கரி அடுப்பு மூட்டி, கதவைச் சாத்தித்தான் காயவைப்போம். காற்றுக்குக் கதவு திறந்துகொள்ளும் என்பதால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. ஒருவர் உள்ளே விளக்கு வெளிச்சத்தில் மேண்டில்களைத் திருப்பிப் போட வேண்டும். மற்றவர் வெளியே ஸ்டூலில் உட்கார வேண்டும். கரி வாயுவுக்கு வாசனை கிடையாது, ஆளை நைசாகத் தூங்க வைத்துவிடும். எனவே தியாகு ஒரு விதி வைத்திருந்தான். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவன் பதில் சொல்லத் தாமதித்தால், பேச்சுக் குழறினால், வெளியே இருப்பவன் உடனே கதவைத் திறந்துவிட வேண்டும்.

அந்தப் பேச்சுதான் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பேச்சு. நேருக்கு நேர் எனக்கு வாய் வராது. பலகைச் சுவர் நடுவில் இருந்தால் என்ன வேண்டுமானாலும் பேசுவேன். அம்மாவின் முகம் மறந்துபோனதைக்கூட அவனிடம் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் மழை எப்போது நிற்கும் என்று பார்ப்பார்கள், நான் எப்போது பிடிக்கும் என்று பார்ப்பேன்.

அவனுக்கு ஏன் நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். ஒருமுறை கூடிவந்தது. பெண் வீட்டார் விசாரிக்க வந்தார்கள். பையனுக்கு மார்ச்சளி, இருமலில் ரத்தம் வருகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது அவனுடைய நல்லதுக்குத்தான். அந்தப் பெண்ணுக்கு வாய் நீளம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்க நான்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

பிறகு கோகிலா வந்தாள். உஜோங் பாசிரில் தையல் வேலை செய்கிற பெண், புருஷன் இல்லாதவள். மேண்டிலுக்கு வாய் சுருக்கித் தைத்துக் கொடுக்க நான்தான் அவளை அமர்த்தினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவளிடமும் மார்ச்சளிக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டு, நேராக அவனிடமே போய்க் கேட்டுவிட்டாள். அதற்காகத் தியாகு என்னிடம் கோபப்படவில்லை. இரண்டு நாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். சந்தோஷம்தான், நானும் தொண்டை கிழியக் கத்தினேன். ஆனால் திடல் முழுக்கக் கரண்டு பல்புதான் தொங்கியது. எங்களை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த மாதமே காஜா பெராங்கில் புதுக் கம்பங்கள் நட்டார்கள். தியாகு சாயங்காலங்களில் வயர்மேன் வேலை கற்றுக்கொள்ளப் போனான். சும்மா பொழுதுபோக்குக்கு என்றான், நான் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலில் நான் கொடுத்த வாக்குமூலம் உங்களிடம் இருக்கிறது. ஜாலான் துக்காங் எமாஸ் கோயிலுக்கு விளக்குக் கொடுக்கப் போயிருந்தேன், திரும்பி வந்தால் தியாகு அறையில் விழுந்து கிடந்தான், விளக்கு எண்ணெய் தீர்ந்து அணைந்திருந்தது, எதையும் தொடாமல் அலறிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன் என்று சொன்னேன். ஊரே நம்பியது. எனக்குத் துணைக்குப் படுக்க இரண்டு பேர் வந்தார்கள். இத்தனை வருஷத்தில் என் வீட்டில் அத்தனை பேர் காலடி வைத்தது அன்றைக்குத்தான்.

நீங்கள் மட்டும் அந்த விளக்கின் கண்ணாடியைத் தூக்கி, மேண்டிலில் விரலை வைத்தீர்கள். எரிந்த மேண்டிலாக இருந்தால் உதிர்ந்திருக்கும். அது மெத்தென்று அமுங்கியது.

"இது இன்னும் துணியாத்தானே இருக்கு, அண்ணே. ஆளு செத்துக் கெடக்கறப்ப யாரு இத கட்டுனது?" என்று கேட்டீர்கள்.

இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம் ஐயா, மலாக்காவில் வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது. உண்மை இதுதான். அவன் விழுந்த அதிர்ச்சியில் மேண்டில் உதிர்ந்துவிட்டது. நான் கதவைத் திறந்தபோது விளக்கு வெறும் தீயாகச் சீறிக்கொண்டு கண்ணாடியைக் கரியாக்கிக்கொண்டிருந்தது. அணைத்தேன். ஆறவிட்டேன். கண்ணாடியைத் துடைத்தேன். புது மேண்டில் எடுத்துக் கட்டி, நூலை இறுக்கி, நுனியைக் கத்தரித்தேன். விளக்கு அணைந்தால் அடுத்த தடவைக்குத் தயார் செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன், அது என் கைப்பழக்கம். அவன் என் கால் அருகில் கிடந்தான். அது எனக்கு ஒரு இடைஞ்சலாகத் தெரியவில்லை.

கோயிலுக்கு நான் போகவில்லை. ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம், நல்ல மழை. அவன் உள்ளே மேண்டில்களைத் திருப்பிக்கொண்டே, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். பத்து பெரெண்டாம் விமானத் திடலில் வயர்மேன் வேலை கிடைத்துவிட்டதாம். தை மாதம் கோகிலாவோடு கல்யாணமாம். அங்கேயே வீடு பார்த்தாகிவிட்டதாம்.

போய்த்தான் ஆக வேண்டுமா என்று கேட்டேன். நியாயமான கேள்விதான். அவன் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் நான் கதவைத் திறந்திருப்பேன். அந்த வாய்ப்பை அவனுக்குக் கொடுத்தேன்.

"நீங்களும் எங்ககூட வந்துருங்கண்ணே. ஒங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்கு. கோகிலாதான் சொன்னுச்சு" என்றான்.

பரிதாபத்துக்குக் கூப்பிடுவதை எனக்கு அடையாளம் தெரியும். பந்தியில் இடம் மிஞ்சினால் கூப்பிடுவார்களே, அந்தக் குரல். நான் எஸ்டேட்டில் ஆற்றில் மீன் பிடித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் உம் கொட்டினான். கொஞ்ச நேரத்தில் உம் இழுத்தது. பிறகு, தலை சுத்துதுண்ணே என்றான்.

நான் கதவைத் திறக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான் என்று நேற்றுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதவடியில் கிடந்த ஈரச் சாக்கைப் பற்றி நீங்கள் கேட்கப் போகிறீர்கள். வேண்டாம், நானே சொல்கிறேன். இடுக்கில் திணித்தது நான்தான். அடுப்பில் வழக்கத்தைவிட அதிகமாகக் கரி போட்டதும் நான்தான். அவன் சொன்ன பிறகா, சொல்வதற்கு முன்பா? முன்பு. அன்று காலையில் தையல் கொடுக்க வந்த கோகிலா என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் சொல்லத் தயங்குகிறார், நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷம் என்றேன். அவள் கிளம்பிப் போன பிறகு கரி வாங்கி வந்தேன்.

அவன் கதவைத் தட்டினான். பலமாக இல்லை, பலம் இல்லை அவனுக்கு. "அண்ணே, தெறங்க. இருக்கீங்களா?" என்றான்.

"இங்கதான் இருக்கேன்பா, தியாகு. எங்கயும் போகல" என்றேன்.

பொய் சொல்லவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தபடி கதவோடு ஒட்டித்தான் நின்றிருந்தேன். உள்ளே சத்தம் அடங்கிய பிறகும் பேச்சை நிறுத்தவில்லை. மழை விடும்வரை பேசிக்கொண்டிருந்தேன், குறுக்கே பேசாமல் அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் கோகிலாவிடம் சொல்ல வேண்டியிருக்கும், தெரியும். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள், ஐயா. தியாகு தனியாகச் சாகவில்லை, கடைசிவரை நான் கூடவே இருந்தேன் என்று சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு அது ஆறுதலாக இருக்கும்.