பெருக்கல் குறி

இல்லம்மா, கடப்பாரயால நான் ரகுபதி மண்டயில அடிக்கல. மொழங்கால்ல ஒண்ணு, வாயில ஒண்ணு. ரெண்டே ரெண்டு. நாலு பல்லு போச்சுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குட்த்துகீறாரு, மூணுதான். நானே தரயிலருந்து பொறுக்கி அவர் கைல குட்த்தேன்.

நீங்க டாக்டரு, கேளுங்கோ. ஃபிட்டுன்னு நீங்க கையெழுத்து போட்டாதான் ஆபீசுல திரும்ப சேத்துப்பாங்கோ. வியாழக்கெழம புயலுன்றான். கொருக்குப்பேட்டையில எந்த சந்துல மொதல்ல தண்ணி ஏறும்னு என்னவுட்டா யாருக்கும் தெரியாது.

தூக்கமா? வருது வருது.

நான் மலேரியா ஒர்க்கரும்மா. இருவத்திரெண்டு வருஷம். தெனம் வூடு வூடா ஏறி தொட்டில கொசுப்புழு பாக்கறது. பாத்துட்டு செவுத்துல சாக்பீஸால தேதி எழுதுவேன். பூட்டிக்கீற வூடா இருந்தா ஒரு பெருக்கல் குறி போட்டுட்டு அடுத்த வூடு. அவ்ளோதான் வேல. வெள்ளம் வந்தா எங்களயே எறக்கி வுடுவாங்கோ. ரெண்டாயிரத்து பதினஞ்சு வெள்ளத்துல எறங்கினது. அப்பால கொரோனா, புயலு, வெள்ளத்தோட கம்பெனி எண்ணெ கலந்து வந்தது, மறுக்கா புயலு. நடுவுல ஒரு வாரம் ரெஸ்ட்டுன்னாங்கோ, அந்த வாரம் பொணம் ஏத்தற வண்டில டூட்டி போட்டாங்கோ.

அடி வாங்காம இருப்பமா? வியாசர்பாடி கேம்ப்புல சாப்பாடு லேட்டுன்னு ஒருத்தன் கொதிக்கற சாம்பார என் மேல கவுத்தான். இந்தா, கழுத்துல பாருங்கோ. என்கூட வேல செய்ற சுகிர்தத்த முடியப் புடிச்சி தண்ணிக்குள்ள அமுக்கினாங்கோ, மூக்குல ரத்தம் வர்ற வரிக்கும். பசி. அவங்களயும் இன்னா சொல்றது. மறுநாளு அதே ஆளுங்களுக்கு அந்தம்மா பிரட்டு குட்த்துகினு கீது.

ரகுபதி மேல இன்னா கோவம் எனக்கு? போன வாரம் தூறல் போட்டுகினு இருந்துச்சு. அவர் வூட்டுக் கதவு வெளில பூட்டிக்கீது. உள்ள யாராச்சும் கீறாங்களான்னு கடப்பாரய வுட்டு நெம்பினேன். டீ குடிக்கப் போனவரு ஓடியாந்து காலர புடிச்சாரு. வூட்ல யாரும் இல்லடா பேமானின்னாரு. யாரும் இல்லன்னாரு பாருங்கோ, அதுக்கப்பால எனக்கு கை நிக்கல.

மூணு மாசத்துல பதினோரு பூட்டு ஒடச்சிகீறேன். அத்தினியும் காலி வூடுதான்.

ஏன் பூட்டுன்னா, எண்ணெ வந்த புயல்ல என்கிட்ட செவப்பு பெயிண்டு குட்த்தாங்கோ. நான் முன்னாடி பாத்துகினு போவணும், பின்னாடி படகு வரும். ஆளு இருந்தா வட்டம், காலின்னா பெருக்கல். கௌசர்னு ஒரு அம்மா, சக்கரயில ஒரு காலு எடுத்தவங்க. மவன் ஜீஷான் அவங்கள கட்டில்ல குந்த வெச்சிட்டு, திருடன் பயத்துல வெளில பூட்டிகினு பாலு வாங்கப் போனான். திரும்பறதுக்குள்ள தண்ணி ஏறிப்போச்சு. படகுக்காரங்க கால்ல வுழுந்துக்கீறான். பெருக்கல் போட்டுகீதே, காலி வூடுதானேன்னு சொல்ட்டாங்கோ. மூணா நாளு கதவ ஒடச்சது நான்தான். உள்பக்கமா கதவ நகத்தால சொரண்டி வெச்சிருந்தாங்கோ. ரெண்டு நகம் மரத்துலயே நின்னுகினு இருந்துச்சு.

என்கொயரில என் பேர போட்டு, சுப்புராஜுக்கு பழக்கதோஷம்னு எழுதி வுட்டுட்டாங்கோ. பூட்ட பாத்தா பெருக்கல் போட்டு பழகின கையி, தெரியாம போட்டுட்டான்னு. நல்ல ஆபீசரு.

அது மட்டும் சரியில்லம்மா. மொத கோடு போட்டப்பவே உள்ளருந்து தட்ற சத்தம் கேட்டுச்சு. அன்னிக்கு காலைலருந்து நாலு வூட்டுல செருப்பால அடி வாங்கியிருந்தேன். இவங்களும் அடிப்பாங்கோன்னு, ரெண்டாவது கோட்டயும் போட்டுட்டு நடந்துட்டேன்.

எழுதிக்கோங்கோ. சர்ட்டிபிகேட்டு புதன்கெழமக்குள்ள கெடைக்குமாம்மா?