ஓகே சொல்றதுக்கு முன்னாடி

ஐயோ, அந்தப் பக்கம் உக்காராதீங்கோ, தண்ணி டேங்க் கசியறது, பேன்ட் நனைஞ்சுடும். இப்படி நிழலுக்கு வாங்கோ. பொண்ணு பார்க்க வந்த இடத்துல மொட்டை மாடிக்குக் கூட்டிண்டு வந்து பிரிண்டர் கதை பேசறாளேன்னு பார்க்கறேளா? பாடத் தெரியுமான்னு உங்கம்மா கேட்டா, தெரியாதுன்னுட்டேன். எனக்கு இதுதான் தெரியும்.

உங்கப்பா இப்பதானே காப்பி குடிச்சிண்டே சொன்னார், பார்கோடு லேபிள் அடிக்கற சாஃப்ட்வேர்ல ஸ்க்ரீன்ல வர அந்த செட்டிங்ஸ் பெட்டி முழுக்க எங்க வைகுந்த் எழுதினதுன்னு. நான் சட்டுனு திரும்பிண்டேன். வெக்கம்னு எங்கம்மா நெனைச்சுண்டா. எனக்கு சிரிப்பு தாங்கல. ஒரகடம் ரோட்டுல எங்க ஃபாக்டரியில ரெண்டு வருஷமா அதோடதான் மல்லுக்கட்டிண்டிருக்கேன். சிஸ்டம்ஸ்ல, கம்ப்யூட்டரெல்லாம் பார்த்துக்க, நான் ஒருத்திதான்.

கோவமா? சேச்சே. ரொம்ப நல்ல பெட்டி அது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டும். எங்க லைன் சூப்பர்வைசர் காசிராஜன், திருநெல்வேலிக்காரர், புதுப் பிரிண்டருக்கு ஐபி அட்ரஸ் போடறச்சே 192க்கு பதிலா 912ன்னு அடிச்சுட்டார். அங்க 255க்கு மேல நம்பரே கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரிய வேண்டாமா? ஓகேன்னுது. ரீஸ்டார்ட் பண்ணுன்னுது. அப்புறம் பார்த்தா லேபிளே வரல. பார்ட்ஸெல்லாம் பேர் இல்லாம மலையா குவிஞ்சு கெடக்கு, லைன் நின்னு போச்சு. ஏம்மா, தப்புன்னா அப்பவே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா, சரின்னு சொல்லிட்டுப் பொறவு ஏன் கழுத்த அறுக்குன்னு என்னைக் கேட்டார். அவர் கேட்டது உங்களைத்தான்.

ஆமா, அடுத்த வெர்ஷன் சிடியில அனுப்பினேள், திருத்தினேள், இல்லைங்கல. இப்ப தப்புன்னு சொல்றது. ஆனா எது தப்புன்னு சொல்லாது. பன்னெண்டு கட்டத்துல ஒண்ணே ஒண்ணு தப்பினாலும் செல்லாதுன்னு சிவப்பாப் போட்டு, எல்லாத்தையும் துடைச்சு விட்டுடறது. லேபிள் ஒட்டற பூமாரி சொல்றா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடும், காரணம் கேட்டா சொல்லாது, எங்க மாமியாரேதான்க்கா இதுன்னு.

அப்பாடா, சிரிச்சேளே. எழுந்து போயிடுவேளோன்னு பயந்துண்டேதான் ஆரம்பிச்சேன்.

எதுக்கு இவ்வளவு வளவளன்னு பேசறேன்னா... கீழ அப்பா உங்காத்துல என்ன கேட்டாலும் சரி சரின்னுண்டிருப்பார். பாவம், அவருக்கு இது நல்லபடியா முடியணும். எனக்கு ஏற்கனவே ஒரு இடத்துல நிச்சயமாச்சு. போன தை மாசம். தட்டு மாத்தி, மண்டபம்கூடப் பார்த்தாச்சு, அப்புறம் நின்னு போச்சு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்கார். ஸ்ரீபெரும்பூதூர்ல கோயிலுக்குள்ள காலெடுத்து வெச்சா தோத்தாத்ரி பொண்ணு கதைன்னு என் கதையை யாராவது உங்க காதுல போட்டுடுவா. கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா என்ன பண்ணுவேள்? அதான் இப்பவே சொல்லிட்டேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அதனாலதான் சொல்றதுக்கு இவ்வளவு நேரமாச்சு.

என்ன? எங்க தப்பாச்சுன்னா கேக்கறேள்?

பரவாயில்லையே. உங்க பெட்டிக்கு இந்தக் கேள்வி தெரியாது. வேற ஒண்ணுமில்ல. நிச்சயத்துக்கு முன்னாடி, வேலைக்குத் தாராளமாப் போலாம்னு அவாத்துல சொன்னா. நிச்சயம் முடிஞ்சப்புறம், போகப்படாதுன்னுட்டா. நான் மாட்டேன்னுட்டேன். உங்ககிட்டயும் அதையேதான் சொல்வேன், ராத்திரி லைன் நின்னா கம்பெனி வண்டி வரும், நான் போவேன்.

அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்கோ. காப்பி ஆறினா நான் சுட வெச்சுத் தரேன்.

ஐயோ, தலையாட்டாதீங்கோ. வாயைத் திறந்து சொல்லுங்கோ.