அதிகாரி தலையில் நூல்வால் பூச்சி

அதிகாரி: ஆறு மணி நேரம் இருபது நிமிஷம் ஆச்சும்மா. கழுத்து கல்லாயிடுச்சு. இன்னும் உக்காந்திருக்கா?

மாணவி: அசையாதீங்க சார்... நடு உச்சியில. நூல்வால் வண்ணத்துப்பூச்சி. நகத்தளவுதான். என் ஆராய்ச்சிக்காக நாலு வருஷமா தேடுறேன்...

எழுத்தர்: வாசல்ல காண்ட்ராக்டர் ரம்பத்தோட நிக்கிறார் சார். பின்கட்டு மரத்தை வெட்டுற உத்தரவு. இன்னிக்கு அஞ்சுக்குள்ள கையெழுத்து விழலைன்னா செல்லாது.

அதிகாரி: குனியாம எப்படிய்யா போடுறது?

எழுத்தர்: காகிதத்தை மேல தூக்கிப் பிடிக்கட்டுமா?

மாணவி: காத்து அடிக்கும்ண்ணே, பறந்துடும்! இந்தப் பூச்சிக்கு... அந்த ஒரு மரம்தான் வீடு.

அதிகாரி: அப்ப என் தலைக்கு எதுக்கு வந்துச்சு?

மாணவி: வெயில் காய வரும் சார். பளபளன்னு இருந்தா...

அதிகாரி: போதும்மா.

எழுத்தர்: மேலிடத்துலருந்து மறுபடியும் போன் சார். ஏன் இன்னும் போடலைன்னு.

அதிகாரி: தலையில பூச்சின்னு சொல்லு.

எழுத்தர்: சொன்னேன். எத்தனை நாளான்னு கேட்டாங்க.

அதிகாரி: போனை வச்சுடுய்யா.

எழுத்தர்: கவலைப்படாதீங்க. அரிய பூச்சி உக்கார்ற இடத்துல எந்த வேலையும் நடக்கக்கூடாதுன்னு விதி இருக்கு. சார் தலைக்குத் தனிக் கோப்பே போட்டுட்டேன். நீளம் அகலம்தான் பாக்கி. எல்லை எங்க சார்? முடி ஆரம்பிக்கிற இடமா?

அதிகாரி: காதுகிட்ட போடு. அங்கதான் ஆரம்பிக்குது.

எழுத்தர்: ஆத்தாடி, என்னையே முறைக்குது!

மாணவி: அது... வால் பக்கம்ண்ணே. பறவைய ஏமாத்த வால்லயும் ஒரு பொய்த்தலை வச்சிருக்கும்.

அதிகாரி: இந்த ஆபீஸ்ல பாதிப் பேருக்கு அதுதான். மணி என்ன?

எழுத்தர்: நாலு அம்பத்தெட்டு. வேர்வை வழியுது சார், துடைச்சு விடட்டுமா?

மாணவி: வேண்டாம்!

அதிகாரி: மெதுவா பேசுற பொண்ணே கத்துதுய்யா. பேசாம நில்லு.

எழுத்தர்: ...அஞ்சு அடிச்சாச்சு. உத்தரவு செத்துப்போச்சு. காண்ட்ராக்டர் வண்டியக் கிளப்பிட்டார்.

மாணவி: சார்... மன்னிச்சிருங்க. அது உக்காந்ததே ஒரு நிமிஷம்தான். பத்து இருபத்தொண்ணுக்கே பறந்துபோயிருச்சு.

எழுத்தர்: என்னது! அப்ப இவ்வளவு நேரம் நான் பாத்தது?

அதிகாரி: என் மச்சம்யா.

மாணவி: சார்... அப்ப அது போனது உங்களுக்கு முன்னமே...

அதிகாரி: தலையில முடிதான் இல்லம்மா. உணர்ச்சி இருக்கு.