அடுப்படியில் ஒரு தறிக்குழி

யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடும் திருச்சுழி பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். என் முன் சீட்டில் நெசவாளர் இருவர்.

"அடுப்படியிலயும் கால் இறக்கி நெய்ய ஒரு தறிக்குழி தோண்டிட்டேன், மச்சான்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? புரோநோட்டுக் கடனுக்குக் கேஸு போட்டா, திவாலுன்னு மஞ்சக் கடுதாசி குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?"

"குடுத்தா வீடு ஏலத்துக்குப் போயிரும், தொழில் சாமான்னு தறியை மட்டும் தொட மாட்டாகன்னு வக்கீலு சொன்னாரு. அதான் வீடு பூராவும் குழி தோண்டிட்டேன். குழியை விட்டுட்டு வீட்டை மட்டும் எப்படி ஏலம் போடுவாக?"

"கோர்ட்டு அமீனா இதை ஒத்துக்கிட்டாரா?"

"நேத்து ஜப்திக்கு வந்தாக. அடுப்படிக் குழியில விழுந்து கால் ஒடிஞ்சு போச்சு. இப்ப எங்க வீட்டுலதான் படுத்திருக்காக. தறிச் சத்தத்துல தூக்கம் வரலையாம்."

"சரி, இப்ப எங்க போற?"

"திருச்சுழியில எலும்பு வைத்தியரைக் கூட்டியாரப் போறேன்."

"அவருக்குக் குடுக்கப் பணம்?"

"புரோநோட்டு எழுதி மடியில வச்சிருக்கேன். நீங்க ஒரு சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டீகன்னா..."

பஸ்ஸைத் தள்ளச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. மச்சான் இறங்கித் தள்ளப் போய்விட்டார்.