ஜூலை மாத அச்சு

பித்தளை உருகும்போது பக்கத்தில் நின்று பேசக் கூடாது, ஐயா. கவனம் சிதறும். மற்றபடி கஷ்டமான வேலை இல்லை.

முற்றுகையில் ஊரின் வெள்ளி தீர்ந்துபோனதும் உடைந்த பீரங்கி, கதவுக் குமிழ், சமையல் பாத்திரம் என்று அகப்பட்டதையெல்லாம் உருக்கிக் காசு அடித்தோம். ஒரு பக்கம் ராஜாவின் முகம், மறுபக்கம் மாதத்தின் பெயர். போர் முடிந்ததும் மாத வரிசைப்படி அதற்கு வெள்ளி தருவதாக ராஜாவின் வாக்கு. அதனால் ஜூலைக் காசை ஜூலையில்தான் அடிக்க வேண்டும். இதில் நான் கறார்.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி மதியம், சிப்பாய்களின் சம்பளத்துக்கு நான்கு ராத்தல் உலோகம் குறைந்தது. வடக்கு வாசல் மணி ஒன்பது ராத்தல். ஏணியோடு போனேன்.

வாசல் காவலன் டொனகா ஏணியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மதிலுக்கு வெளியே ஷானன் ஆற்றங்கரையில் பெண்கள் காஞ்சொறிக் கீரை பறித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரமாக ஊருக்கு அதுதான் சாப்பாடு. எதிரிக் குதிரைகள் தலைகாட்டினால் டொனகா மணி அடிப்பான். பிறகு பரலோக மந்திர ஜெபத்தை நிதானமாக மூன்று முறை சொல்லிவிட்டுக் கதவை மூடுவான். அதற்குள் எல்லோரும் ஓடி வந்துவிடுவார்கள்.

"நாப்பது பொம்பளைங்க வெளிய இருக்காங்க, டைக். அவங்க வந்து சேரட்டும். காலையில நானே கழட்டித் தரேன்," என்றான்.

"காலையில ஆகஸ்டு."

"ஆகஸ்டுல அடிச்சா காசு கடிக்குமா?"

எங்கிருந்தும் உலோகம் எடுக்கலாம் என்ற ஆணைச் சீட்டைக் காட்டினேன். ஏணியை விட்டுவிட்டான்.

நல்ல உலோகம், சீக்கிரம் உருகியது. குதிரைகள் வந்தபோது முதல் காசுகள் அச்சிலிருந்து விழுந்துகொண்டிருந்தன. டொனகா மந்திரத்தை மூன்று முறையும் தொண்டை கிழியக் கத்திச் சொன்னானாம். ஆற்றங்கரைக்கு அது எட்டாது. பதினோரு பேர் உள்ளே வந்தார்கள். பிறகு கதவை மூடினான்.

அவன்மேல் தப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள். பெண்கள் வெளியே இருப்பது தெரிந்துதான் நான் மணியைக் கழற்றினேன்.

வேறு உலோகமே கிடைக்கவில்லையா என்கிறீர்கள். இருந்தது. என் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு பித்தளைச் சட்டி, ஐந்து ராத்தல் தேறும். என் மனைவி நூலா சீதனமாகக் கொண்டுவந்தது. அன்று அவளும் கீரை பறிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்து சட்டி எங்கே என்று கேட்டால், நான் என்ன பதில் சொல்வேன்?