வேளைக்கு ஒரு கிண்ணம்

புதுச் சோற்றுக் கிண்ணத்தை அரிசி களைந்த தண்ணீரில் ஒருமுறை கொதிக்கவைத்துவிட்டுத்தான் புழங்க வேண்டும். கராட்சுவில் எங்கள் சூளைக்கு வந்து வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் ஒன்றைக்கூடக் கட்டிக் கொடுத்ததில்லை. என் கணவருக்காகச் செய்த கிண்ணங்களையும் அப்படித்தான் கொதிக்கவைத்தேன். ஒன்றையும் அரைகுறையாகச் செய்யும் வழக்கம் எனக்கு இல்லை, ஐயா.

மண் பிசைவது, சக்கரத்தில் வனைவது, வைக்கோல் சாம்பலைக் கரைத்து மெருகு பூசுவது எல்லாம் என் வேலை. வெளியூர் போய் விற்பது என் கணவர் தொகுஜியின் வேலை. மாதத்தில் பாதி நாளுக்கு மேல் ஹகாடாவில் இருப்பார். அங்கே அவருக்கு ஒரு பெண் இருந்தது ஊருக்கே தெரியும். நான் சண்டை போட்டதில்லை. வீட்டில் இருக்கும்போது என்னை "ஏய்" என்று கூப்பிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்ததற்கு அடுத்த வசந்தத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அந்தப் பெண் ஒரு லாரியில் ஏற்றி அனுப்பிவைத்தாள். கூட வரவில்லை. டாக்டர் இதோயாமா வந்து பார்த்தார்.

"கை காலு திரும்பிடும்மா. சர்க்கரையும் இருக்கு, அதனால வேளைக்கு ஒரு கிண்ணம் சோறு, கொஞ்சம் மீன், காய். அதுக்கு மேல வேண்டாம். ஆனா குறைச்சுடாதீங்க, உடம்புல தெம்பு ஏறணும். குளிர் வர்றதுக்குள்ள எழுந்து நடப்பாரு பாருங்க."

நடந்தால் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும்.

படுக்கையில் அவர் வேறு மனிதராக இருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "ஷிகே, வெளியில மழையா?" "ஷிகே, அது என்ன பறவை கத்துது?" ஒருநாள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சொரசொரப்பாவா இருக்கு உன் கை?" என்றார்.

"மண்ணுல கிடக்கிற கை வேற எப்படி இருக்கும்?"

"இத்தனை வருஷமா நான் பார்க்கவே இல்லையே" என்று சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. நானும் சிரித்தேன்.

கோடையில் ஒருநாள் நான் தோட்டத்திலிருந்து வந்தபோது அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். அடுத்த முறை சூளை வைத்தபோது அவருக்குப் புதுக் கிண்ணம் செய்தேன். வெளியே அதே உயரம், அதே வாய், அதே பால் நிற மெருகு. அடியில் மட்டும் கொஞ்சம் மண்ணைக் கூடுதலாக விட்டேன். எங்கள் மெருகு அடியில் திரண்டு வெள்ளையாக நிற்கும். உள்ளே எவ்வளவு ஆழம் என்று கண்ணுக்குத் தெரியாது. பழைய கிண்ணத்தை உடைத்துப் பள்ளத்தில் போட்டேன். மீன் வைக்கும் தட்டையும் மாற்றினேன்.

"ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்று டாக்டர் கேட்பார்.

"ஒரு கிண்ணம், ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறதில்லை" என்பேன். அதில் பொய் ஏதும் இல்லை. அவர் பருத்த உடம்புக்காரர். இளைத்தது நல்லதுதான் என்றார் டாக்டர்.

அடுத்தடுத்துச் சூளை வைத்தபோதும் புதிது செய்தேன். ஒவ்வொரு முறையும் அடியும் பக்கமும் இன்னும் கொஞ்சம் தடித்தன. நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் கிண்ணத்தைத் தூக்க முடியாமல் கீழே வைத்தார்.

"கிண்ணம் கனக்குது ஷிகே. என் கை போயிடுச்சு போல."

நான் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். "இந்த நோய் அப்படித்தான். நீங்க ஏன் சிரமப்படுறீங்க? நான் பிடிச்சுக்கிறேன்" என்றேன். அதன்பிறகு அவர் தூணைப் பிடிக்க முயலவில்லை.

குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்தார். நிமோனியா என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

சவப்பெட்டி வாசலைத் தாண்டும்போது இறந்தவரின் கிண்ணத்தைப் போட்டு உடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், அவர் திரும்பி வரக் கூடாது என்று. எல்லார் முன்னாலும் போட்டேன். அது உடையவில்லை. கல் விழுந்த மாதிரி விழுந்து உருண்டது. அவர் தங்கை கினுயோ எடுத்தாள். அவளும் சூளை வீட்டில் பிறந்தவள். உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தாள். சமையலறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அதில் தண்ணீர் நிரப்பி, அதே அளவுள்ள வேறொரு கிண்ணத்தில் ஊற்றினாள். அது பாதிகூட நிறையவில்லை.

"இதுலயா அண்ணி அண்ணன் சாப்பிட்டாரு?"

"ஆமா."

"பசிக்குதுன்னு அவரு சொல்லவே இல்லையா?"

நான் கிண்ணத்தை வாங்கக் கை நீட்டினேன். அவள் அதை எடுத்துக்கொண்டு போலீஸில் உங்களிடம் வந்தாள்.

கொல்ல நினைத்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் எழுந்து போகக் கூடாது, அவ்வளவுதான் நினைத்தேன். அதற்காகத்தான் அவரைப் பட்டினி போட்டேன். செத்தது அதனால்தான் என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்.

கினுயோ கேட்டதையே இப்போது நீங்களும் கேட்கிறீர்கள். சொன்னார், ஐயா. வேளாவேளைக்குச் சொன்னார். "ஷிகே, இன்னும் ஒரு வாய் கிடைக்குமா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்பார். டாக்டர் கூடாது என்றிருக்கிறார் என்பேன். மறுபடியும் கேட்பார். அவர் வேறு யாரிடமும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். அந்தக் குரலுக்காகவே சில நாள், சோறு ஆகி வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே எடுத்துப் போவேன்.