கூடையில் ஓர் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை, பலூன் திருவிழா. கயிற்றில் கட்டியே மேலே விடும் பலூனுக்கு வரிசையில் நின்றிருந்தோம். மகளை ஏற்றலாமா, திரும்பிவிடலாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி. பேச்சிலிருந்து கோலார் தங்கவயல்காரர்கள் என்று தெரிந்தது. கூடையில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம் என்றார் பலூன்காரர்.

"நான் போறேன்" என்றார் அந்த அம்மாள்.

"தனியாவா? இன்னாமே ஆச்சு உனக்கு? அடுத்ததுல ரெண்டு பேரும் போலாம்."

"முப்பது வருஷம் கயித்துல தொங்குற கூண்டுல சொரங்கத்துக்குள்ள எறங்குனியே, என்னையுமா கூட்டினு போன?"

கணவர் பலூன்காரரிடம் திரும்பினார். "சார், கயிறு கெட்டியாத்தான இருக்குது?"

"தெனமும் நானும் அதைத்தான் கேட்டேன். நீ சிரிச்சே" என்றபடி அவர் மனைவி கூடைக்குள் ஏறிக்கொண்டார்.

பலூன் எங்கள் தலைக்கு மேல் எழும்பியது. கணவர் அண்ணாந்து பார்த்தார்.

"எப்ப சார் எறங்கும்?"

"பத்து நிமிஷம் ஆகும்."

"பத்து நிமிஷமா!"

மேலிருந்து குரல் வந்தது. "நான் உன் எட்டு மணி நேர ஷிப்டு முடியற வரிக்கும் காத்துனு நின்னேன்யா!"

வரிசையே சிரித்தது. அவர் மட்டும் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.